ஜி20 மாநாட்டை நடத்தினால் ஒரு நாட்டுக்கு என்ன கிடைக்கும்? பெரிய காஞ்சிபுரம் தறி வரை வந்தது என்ன?

2023 செப்டம்பர் 9, டெல்லி பாரத் மண்டபம். ஜி20 தலைவர்களுக்குக் குடியரசுத் தலைவர் கொடுத்த இரவு விருந்துக்கு ஜப்பான் பிரதமரின் மனைவி யூகோ கிஷிடா பச்சை நிறச் சேலை கட்டி வந்தார். அந்தப் படம் அன்றைக்கு நம்ம ஊர் ஃபோன்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. அவருக்கு இந்தியா கொடுத்த பரிசு, கடம்ப மரத்தில் ஜாலி வேலைப்பாடு செய்த பெட்டிக்குள் ஒரு காஞ்சிபுரம் பட்டு ஸ்டோல், அதாவது தோளில் போடும் துண்டு.

உலகத்தின் பெரிய பொருளாதார மேடை ஒன்றில் காஞ்சிபுரத்தின் பெயர் வந்தது பெருமைதான். ஆனால் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் நிழல் விழும் பெரிய காஞ்சிபுரத் தெருக்களில் தறி போடுகிறவர் கேட்கும் கேள்வி வேறு. "சரி, இதுல நமக்கு என்ன கிடைச்சுது?"

நியாயமான கேள்வி. 2026-ல் பிரிக்ஸ் அமைப்புக்கும் இந்தியாதான் தலைமை. இன்னொரு முறை கொடி, லோகோ, கார் வரிசை, கூட்டறிக்கை எல்லாம் வரப்போகிறது. ஒரு நாடு இப்படி ஒரு மாநாட்டை நடத்துவது என்றால் உண்மையில் என்ன, அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? பார்ப்போம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• மாநாடு 2 நாள்தான். தலைமைப் பொறுப்பு முழுசாக ஒரு வருஷம்.
• நடத்தும் நாட்டுக்கு அதிகாரம் கிடையாது. எதைப் பேசுவது என்று வரிசைப்படுத்தும் உரிமையும், அறிக்கையின் வரைவை எழுதும் பேனாவும் கிடைக்கும்.
• ஜி20 அறிக்கை சட்டம் இல்லை. மீறினால் தண்டனை இல்லை.
• இந்தியத் தலைமையில் நடந்த பெரிய மாற்றம், ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு நிரந்தர இடம்.
• காஞ்சிபுரத்துக்கு மாநாட்டில் கிடைத்தது விளம்பரம். தறியின் கணக்கை மாற்றுகிற வரியும் விலையும் வேறு இடங்களில் முடிவாகின்றன.

ஜி20 என்பது என்ன?

1997-ல் தாய்லாந்தில் தொடங்கி ஆசியா முழுக்கப் பரவிய நிதி நெருக்கடியைப் பார்த்த பிறகு, பணக்கார நாடுகள் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதாது என்று புரிந்தது. 1999-ல் இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகளையும் சேர்த்து நிதியமைச்சர்கள், மத்திய வங்கி ஆளுநர்கள் கூடும் அமைப்பாக ஜி20 உருவானது. முதல் கூட்டம் பெர்லினில்.

2008-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து உலகமே ஆடியபோதுதான், அமைச்சர்கள் அளவில் பேசினால் ஆகாது என்று நாட்டுத் தலைவர்களே வாஷிங்டனில் கூடினார்கள். அதிலிருந்து தலைவர்கள் மாநாடு வழக்கமானது.

2023-க்கு முன்பு வரை 19 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர்கள். இந்த நாடுகள் சேர்ந்தால் உலகப் பொருளாதாரத்தில் சுமார் 85%, உலக வர்த்தகத்தில் சுமார் 75%, மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் இவர்கள் கூடிப் பேசினால் மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். ஐ.நா.வுக்கு நியூயார்க்கில் இருப்பது போல ஜி20-க்குத் தலைமை அலுவலகம் கிடையாது. நிரந்தரச் செயலகம் இல்லை, நிரந்தர ஊழியர்கள் இல்லை. எந்த நாடு தலைமையோ அந்த வருஷம் அந்த நாடுதான் அலுவலகம். கல்யாண மண்டபம் மட்டும் கொடுப்பவர் ஒருவர், கல்யாணத்தையே எடுத்து நடத்துபவர் இன்னொருவர் என்று வைத்துக்கொண்டால், ஜி20-ஐ நடத்தும் நாடு இரண்டாவது ஆள்.

யார் நடத்துவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஏலமும் இல்லை, தேர்தலும் இல்லை. சுழற்சி முறை. உறுப்பு நாடுகளை 5 குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா இருக்கும் குழுவில் ரஷ்யா, தென்னாப்பிரிக்கா, துருக்கி. ஒவ்வொரு வருஷமும் ஒரு குழுவின் முறை வரும். குழுவுக்குள் யார் என்பதைப் பேசி முடிவு செய்வார்கள்.

தேதியை மாற்றிக்கொள்வதும் உண்டு. இந்தியாவின் முறை முதலில் 2023 இல்லை. இத்தாலியோடும் பிறகு இந்தோனேசியாவோடும் மாற்றிக்கொண்ட பிறகுதான் 2023 வந்தது. அந்த வருஷம் இந்தோனேசியாவுக்கு ஆசியான் தலைமையும் இருந்ததால், இரண்டு பெரிய வேலை ஒரே நேரத்தில் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

2022 நவம்பரில் பாலி மாநாட்டில் இந்தோனேசியா தலைமைச் சுத்தியலை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 2022 டிசம்பர் 1 முதல் 2023 நவம்பர் 30 வரை இந்தியத் தலைமை. முந்தைய தலைவர், இப்போதைய தலைவர், அடுத்த தலைவர் என மூன்று நாடுகள் கூட்டாக வேலை பார்க்கும். இதற்கு டிராய்கா என்று பெயர். இந்தியாவோடு அப்போது இருந்தவை இந்தோனேசியாவும் பிரேசிலும்.

அந்த ஒரு வருஷம் என்ன வேலை?

இரண்டு பாதையில் வேலை நடக்கும். ஒன்று நிதிப் பாதை. நிதியமைச்சர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் பார்ப்பது. இன்னொன்று ஷெர்பா பாதை. இமயமலை ஏறுபவர்களுக்கு வழிகாட்டும் ஷெர்பா மக்களின் பெயரைத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். தலைவர் உச்சிக்கு வருவதற்கு முன்னால் பாதையைச் சரிசெய்து வைப்பவர் ஷெர்பா. 2023-ல் இந்தியாவின் ஷெர்பா அமிதாப் காந்த்.

கல்வி, சுகாதாரம், விவசாயம், பேரிடர், பருவநிலை, வர்த்தகம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு, தனிக் கூட்டங்கள். இந்தியா இந்தக் கூட்டங்களை டெல்லியோடு நிறுத்தவில்லை. நாடு முழுவதும் 60 நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. தமிழ்நாட்டில் நடந்தவற்றில் சில:

• 2023 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை: சென்னையில் கல்விக் குழுவின் முதல் கூட்டம். பிரதிநிதிகள் இடையில் மாமல்லபுரம் சிற்பங்களையும் பார்த்தார்கள்.
• மார்ச் 24, 25: சென்னையில் உலகப் பொருளாதார நிலையை ஆராயும் நிதிப் பாதைக் குழு.
• ஜூன்: மாமல்லபுரத்தில் பெண்கள் முன்னேற்றத்துக்கான டபிள்யூ20 மாநாடு.
• ஜூலை: கோவையில் அறிவியலுக்கான எஸ்20 மாநாடு. சென்னையில் பேரிடர் அபாயக் குறைப்புக் குழு, அதைத் தொடர்ந்து ஜூலை 28-ல் சுற்றுச்சூழல், பருவநிலை அமைச்சர்கள் கூட்டம்.

காஞ்சிபுரத்தில் கூட்டம் இல்லை. மாமல்லபுரம் பக்கத்தில் இருந்தாலும், அது 2019 நவம்பர் இறுதியிலேயே செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய மாதம், அதாவது 2019 அக்டோபர் 11, 12-ல் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, அது காஞ்சிபுரம் மாவட்டம்தான். அந்தச் சந்திப்பில் ஷி ஜின்பிங்குக்கு அவர் உருவத்தையே நெய்த ஒரு பட்டுத் துணி பரிசாகப் போனது. அதை நெய்தது கோவை மாவட்டம் சிறுமுகை நெசவாளர்கள்.

செலவு எவ்வளவு?

2023-24 மத்திய பட்ஜெட்டில் ஜி20 தலைமைக்காக ஒதுக்கியது 990 கோடி ரூபாய். மாநாடு நடந்த பாரத் மண்டப வளாகம் தனிக் கணக்கு. அதற்குச் சுமார் 2,700 கோடி. அந்தக் கட்டடம் மாநாட்டுக்குப் பிறகும் கண்காட்சிகளுக்குப் பயன்படுகிறது என்பதால், அதை 2 நாள் செலவில் சேர்க்கக் கூடாது என்பது அரசுத் தரப்பு வாதம்.

பணத்தில் வராத செலவும் இருந்தது. மாநாட்டு நாள்களில் டெல்லியின் மையப் பகுதியில் கடைகள் மூடப்பட்டன. சாலையோரக் குடிசைப் பகுதிகளைப் பச்சைத் துணி போட்டு மறைத்தது பெரிய விமர்சனம் ஆனது. தினக்கூலிக்காரருக்கு 3 நாள் வேலை போவது சின்ன விஷயம் இல்லை.

அதிகாரம் இல்லை என்றால் எதற்கு இவ்வளவு போட்டி?

பேனாவுக்காக. ஜி20-ல் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் கூட்டறிக்கை. வரைவை எழுதுவது தலைமை நாடு. எந்த வார்த்தையை வைப்பது, எதை எடுப்பது, யாரை முதலில் சமாதானப்படுத்துவது என்பதெல்லாம் அதன் கையில்.

2023-ல் இது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பாருங்கள். பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த நிதியமைச்சர்கள் கூட்டம் உக்ரைன் போர் பற்றிய இரண்டு பத்திகளால் கூட்டறிக்கை இல்லாமலே முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பல கூட்டங்களிலும் அதே கதை. ரஷ்ய அதிபர் புதினும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் டெல்லிக்கு வரவில்லை. தலைவர்கள் மாநாடும் அறிக்கை இல்லாமல் முடியும் என்றுதான் பலரும் எழுதினார்கள்.

ஆனால் முதல் நாளே, செப்டம்பர் 9 மதியம், அறிக்கை ஏற்கப்பட்டது. 200 மணி நேரத்துக்கும் மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்புகள், 15 வரைவுகள் என்று அமிதாப் காந்த் சொன்னார். விலை என்ன? முந்தைய பாலி அறிக்கை, பெரும்பாலான உறுப்பினர்கள் போரைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்று சொன்னது. டெல்லி அறிக்கை ரஷ்யாவின் பெயரைச் சொல்லிக் கண்டிக்கவில்லை. பலத்தைக் காட்டி அடுத்த நாட்டின் நிலத்தைப் பிடிக்கக் கூடாது என்று பொதுவாகச் சொன்னது. உக்ரைன் அதை ஏற்கவில்லை, இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்றது. இந்தியத் தரப்புக்கு அது ராஜதந்திர வெற்றி. பேனா பிடிப்பவரின் பலமும் எல்லையும் அந்த ஒரு பத்தியில் தெரியும்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்ததும் டெல்லியில்தான். 55 நாடுகளின் அமைப்பு அது. தலைமை நாடு அழுத்தம் கொடுத்ததால் நடந்த, திருப்பி எடுக்க முடியாத மாற்றம்.

அறிக்கையால் நிஜத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, ஆனால் எல்லா முறையும் இல்லை. 2009 லண்டன் மாநாட்டில் உலகப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த 1.1 லட்சம் கோடி டாலர் திட்டம் அறிவித்தார்கள். பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15% வரி என்ற ஏற்பாட்டுக்கு 2021 ரோம் மாநாடு ஒப்புதல் கொடுத்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம் இலங்கை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று இலங்கை அறிவித்தது. கடனில் மூழ்கிய ஏழை நாடுகளுக்கு ஜி20 ஏற்கனவே ஒரு பொது ஏற்பாடு வைத்திருந்தது. ஆனால் இலங்கை நடுத்தர வருமான நாடு என்பதால் அதற்குள் வரவில்லை. 2023-ல் ஜி20 தலைமை என்ற முறையில் இந்தியா, பன்னாட்டு நிதியம், உலக வங்கியோடு சேர்ந்து கடன் கொடுத்தவர்களையும் வாங்கியவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் இலங்கைக்காக இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் தனிக் கடன் குழு அமைந்தது. 2024 ஜூனில் 580 கோடி டாலர் கடனை மாற்றியமைக்க ஒப்பந்தம் ஆனது. அந்தக் குழு ஜி20 குழு இல்லை. ஆனால் தலைமையில் இருந்த வருஷம் இந்தியாவின் குரலுக்கு எடை கூடியது.

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம்

காஞ்சிபுரத்துக்கு இரண்டு முகம். ஏகாம்பரநாதரும் காமாட்சி அம்மனும் இருக்கிற மேற்குப் பக்கம் பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் இருக்கிற கிழக்குப் பக்கம் சின்ன காஞ்சிபுரம். பெரிய காஞ்சிபுரத்தை ஒட்டிய பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் இன்றும் வீட்டுக்குள்ளே தறி. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

டெல்லி மேடையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடம் சின்னது இல்லை. பாரத் மண்டபத்தின் முன்னால் நின்ற 27 அடி, 18 டன் நடராஜர் சிலை சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்தது. தலைவர்களுக்கான பரிசுப் பெட்டியில் நீலகிரித் தேயிலை இருந்தது. காஞ்சிபுரத்தின் பங்கு அந்தப் பட்டு ஸ்டோல்.

ஒரு ஸ்டோல் பரிசாகப் போனதால் தறிக்குக் கூலி உயராது. அது நேரடியான உண்மை. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் இருக்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இது பருத்தி, பட்டு எல்லாம் சேர்ந்த கணக்கு. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவரின் நிலை இதிலிருந்து மாறுபடலாம். ஆனால் பரிசுப் பெட்டிக்கும் தறிக்குழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைக் காட்ட இந்த எண் போதும்.

ஒரு சேலைக்குள் எத்தனை ஊர், எத்தனை நாடு?

காஞ்சிபுரம் பட்டு உள்ளூர்ப் பொருள். 2005-06-ல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அதன் விலை உள்ளூரில் முடிவாவதில்லை.

பட்டு நூல்: மல்பெரிப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் பட்டுக்கூடு விளைகிறது. இந்தியாவின் தேவைக்கு உள்நாட்டு உற்பத்தி போதாமல் சீனாவிலிருந்தும் இறக்குமதி ஆகிறது. 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தினார்கள். பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு இது பாதுகாப்பு. நூல் வாங்கும் நெசவாளருக்கு இது சுமை. ஒரே வரி, இரண்டு வீட்டில் இரண்டு விதம்.

ஜரிகை: அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. குஜராத்தின் சூரத்திலிருந்தும் வரும், காஞ்சிபுரத்திலேயே இருக்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையிலும் தயாராகும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2025-ல் மட்டும் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. சேலை விலை ஏறினால் வாங்குபவர் தயங்குவார். தயங்கினால் தறிக்குப் பாவு வருவது தள்ளிப்போகும்.

வேலை: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து இரண்டையும் இழை இழையாகக் கோத்து நெய்வது கோர்வை. மூன்று நாடா ஓடும். பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். இதில் நேரத்தைக் குறைக்க முடியாது. அதனால்தான் விசைத்தறியில் ஓட்டிவிட்டுக் கைத்தறி என்று விற்பவர்கள் இங்கே பெரிய தலைவலி. 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. சட்டம் இருக்கிறது, கடை கடையாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. எந்த ஜி20-யும் அதைச் செய்யாது.

விற்பனை: 2025-ல் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50% வரி போட்டது. ஆகஸ்ட் 29 முதல், 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கையும் எடுத்தது. எப்படி வரி வசூலிப்பது என்று தெளிவில்லாமல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சலை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தீபாவளிச் சேலை அனுப்ப நினைத்த அம்மாவையும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அனுப்பும் சின்ன வியாபாரியையும் அது நேரடியாகத் தொட்டது.

வர்த்தகத் தடைகளை ஊக்குவிக்கக் கூடாது என்று டெல்லி ஜி20 அறிக்கையில் எழுதியிருந்தது. அதில் அமெரிக்காவும் ஒத்துக்கொண்டிருந்தது. இரண்டே வருஷத்தில் வரிப் போர் வந்தது. அறிக்கையின் பலம் இவ்வளவுதான்.

அப்படியென்றால் ஒன்றுமே வரவில்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. மெதுவாக வந்து சேரக்கூடிய இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, பணம் அனுப்புவது. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் கட்டணத்தைக் குறைப்பது ஜி20-ன் பழைய இலக்கு. 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. இந்தியத் தலைமை வருஷத்தில், 2023 பிப்ரவரி 21-ல், யுபிஐ-யும் சிங்கப்பூரின் பேநவ்-வும் இணைந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் ஃபோன் நம்பரை வைத்தே ஊருக்குப் பணம் அனுப்பலாம். இது ஜி20 முடிவால் வந்தது இல்லை, இரு நாட்டு மத்திய வங்கிகளின் ஏற்பாடு. ஆனால் இப்படிப்பட்ட இணைப்புகளை உலகத்துக்கு மாதிரியாகக் காட்டத்தான் இந்தியா தன் தலைமை வருஷத்தைப் பயன்படுத்தியது.

இரண்டு, தகவல். 2023 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் கூடிய ஜி20 வர்த்தக அமைச்சர்கள், சிறு குறு தொழில் செய்பவர்களுக்கு வெளிநாட்டுச் சந்தை பற்றிய தகவல் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரு அழைப்பு விடுத்தார்கள். எந்த நாட்டில் என்ன வரி, என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை ஒரே இடத்தில் பார்க்கும் இணைய உதவி மையத்தை மேம்படுத்துவது திட்டம். நல்ல யோசனை. ஆனால் அது தமிழில், பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவரின் ஃபோனில் வந்தால்தான் பயன்.

இந்தியாவுக்குப் பிறகு யார்?

2024-ல் பிரேசில், ரியோ டி ஜெனீரோவில் நடத்தியது. 2025 நவம்பர் 22, 23-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் ஜி20. அமெரிக்கா அதைப் புறக்கணித்தது. அப்படியும் மற்ற நாடுகள் அறிக்கையை ஏற்றன. 2026-க்குத் தலைமை அமெரிக்கா, 2027-க்குப் பிரிட்டன். தென்னாப்பிரிக்காவை அழைக்க மாட்டோம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்ததைப் பார்த்தால், நடத்தும் நாட்டின் கையில் அழைப்பிதழும் இருக்கிறது என்பது புரியும்.

பிரிக்ஸ் வேறு அமைப்பு. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனாவோடு தொடங்கி, பிறகு தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, இப்போது விரிவாகியிருக்கிறது. இந்தியா இதற்கு முன் 2012-ல் டெல்லியிலும் 2016-ல் கோவாவிலும் அதன் மாநாட்டை நடத்தியது. 2021-ல் கொரோனா காரணமாகக் காணொலி வழியாக நடத்தியது. 2026 நான்காவது முறை.

அடுத்த மாநாட்டுச் செய்தி வரும்போது எதைப் பார்ப்பது?

பரிசுப் பெட்டியில் என்ன இருந்தது என்பது சுவாரஸ்யமான செய்திதான். அதோடு இந்த மூன்றையும் பாருங்கள்.

1. அறிக்கையில் தேதியும் தொகையும் இருக்கிறதா? "வலியுறுத்துகிறோம்", "வரவேற்கிறோம்" என்று மட்டும் இருந்தால் அது விருப்பம். "இந்தத் தேதிக்குள், இவ்வளவு" என்று இருந்தால் அது வாக்குறுதி.

2. அடுத்த பட்ஜெட்டில் அதன் சுவடு இருக்கிறதா? பட்டு நூல் வரி, வெள்ளி வரி, கைத்தறிக்கான ஒதுக்கீடு எல்லாம் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் முடிவாகின்றன. ஜிஎஸ்டி விகிதம் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.விடம் கேள்வி கேட்க முடிந்த இடங்கள் இவை.

3. மேடையில் காட்டிய பொருளுக்கு ஆர்டர் வந்ததா? காஞ்சிபுரம் பட்டை உலகத் தலைவர்கள் முன் வைத்தால், அதைத் தொடர்ந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஏற்றுமதி ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் வேலையும் நடக்க வேண்டும். இல்லையென்றால் அது கண்காட்சியோடு முடிந்துவிடும்.

வாங்குபவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் சில்க் மார்க், கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஜரிகை அசலா என்று கேளுங்கள். கடைக்காரர் பில்லில் எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். நீங்கள் கொடுக்கும் காசு கைத்தறிக்குத்தான் போகிறதா என்பதை உறுதி செய்ய உங்களுக்கு ஷெர்பா தேவையில்லை.